தள்ளிப் போடச் சொன்னவள்

வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சிமெண்டுச் சட்டி தூக்கப் போனான். இளையவள் படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள். மூத்தவன் சட்டியிலிருந்து கொத்துக் கரண்டிக்கு வந்து, மேஸ்திரியாகி, இன்றைக்குப் பெயர்ப் பலகை மாட்டிய கான்ட்ராக்டர். அவன் கட்டிய கட்டடம் ஒன்றில்கூட இதுவரை ஒழுகல் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் அடைமழையில் போய் உள்ளே நின்று பார்த்துக்கொள்ளலாம். இதை எழுதுவதும் அவன்தான். ஆனால் கதை அவனுடையது இல்லை, தங்கையுடையது. அவளாக எழுத மாட்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

அவள் புள்ளியியல்காரி. மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை. ஒரு மருந்து பலிக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள, சீட்டுக் குலுக்குவதுபோல ஆட்களை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறுபாதிக்கு வழக்கம்போல. எந்தப் பக்கம் தேறுகிறது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியக் கூடாது. ஆய்வை நடத்தும் டாக்டருக்கே தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் கை தானாக ஒரு பக்கம் சாயும். அப்படி எல்லாருக்கும் மூடி வைத்ததை ஒரே ஒரு ஆள் நடுவில் ஒரு தடவை திறந்து பார்த்து, வெளியிலிருந்து வரும் மூவர் குழுவிடம் மட்டும் சொல்லலாம். அந்த ஒரு ஆள் அவள்.

அதற்கென்று அவளுக்குத் தனி அறை. முன்பு கால் உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை. ஒரே ஜன்னல், அதுவும் ஏசி இயந்திரத்தின் முதுகைப் பார்த்தபடி இருந்தது. பிரிண்டர் தனி, குப்பைக் கூடைகூடத் தனி. பின்பக்கப் படிக்கட்டில் ஏறி வந்து பின்பக்கமாகவே இறங்கிப் போவாள்.

ஆரம்பத்தில் இத்தனை ஒதுக்கம் இல்லை. கேன்டீனில் மற்றவர்களோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். ஒரு தடவை பல்வலி வந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். டீ நேரத்துக்குள், “சர்க்கரை மருந்து ஊத்திக்கிச்சாம், கணக்கம்மா மூஞ்சியே சரியில்லை” என்ற பேச்சு மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. மறுநாள் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீங்கிய முகத்தோடு வந்து நின்ற பிறகுதான் அடங்கியது. ஆனால் அவள் அந்த மருந்தின் முடிவை அதுவரை திறந்தே பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவளாகவே கேன்டீன் பக்கம் போவதை விட்டாள். லிஃப்டில் ஆள் இருந்தால் ஏற மாட்டாள். யாராவது சிரித்தால் பதிலுக்கு எவ்வளவு சிரிக்கலாம் என்று யோசிப்பாள். யோசித்து முடிப்பதற்குள் சிரித்தவர் போயிருப்பார்.

வீடும் அப்படித்தான். இரண்டு அறை வாடகை வீடு. சொந்தமாக ஒன்று கட்டித் தருகிறேன், செங்கல் முதல் கைப்பிடி வரை என் பொறுப்பு என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான்.

“எதுக்குண்ணா, இருக்கிற ரெண்டு ரூமையே பெருக்க முடியலை” என்றாள்.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், “வீட்டுக்கு வந்ததும் இன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு அவர் கேட்பாரே, என்னத்தைச் சொல்றது” என்பாள். பாதிதான் ஜோக்கு.

அப்படிப்பட்டவள் வாய்விட்டுப் பேசிய இடம் ஒன்று இருந்தது. அது ஒரு தையல் கடை.

நிலையத்தில் சேர்ந்த புதிதில், ஆஸ்பத்திரிச் சாவுக் கணக்கை நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வேலை அவளிடம் வந்தது. வெயில் ஏறிய நாட்களில் சாவும் ஏறியிருந்தது. ஆண்டுக்கு ஆண்டு அந்த நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. எழுதிக் கொடுத்தாள். கிணற்றில் போட்ட கல் மாதிரி ஆயிற்று. சில மாதம் கழித்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த தையல் கடையின் கண்ணாடியில், ‘வெயில் ஏன் ஏறுது தெரியுமா? உள்ளே வாங்க, பேசலாம்’ என்று துணியில் தைத்து மாட்டியிருந்ததைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

கடைக்காரம்மாவின் புருஷன் பெயிண்டர். கோடை நடுப்பகலில் மூன்றாவது மாடிச் சாரத்தில் தலை சுற்றி விழுந்தவர். ‘கால் தவறி’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். அந்தம்மா அழுது முடித்துவிட்டு ஒரு குழு ஆரம்பித்தார். வெயில் குழு என்று பேர். ரிட்டையரான ஒரு கண்டக்டர், கல்லூரிப் பெண்கள் இருவர், வந்து போகிறவர்கள் கொஞ்சம் பேர். நிலக்கரி மின்நிலையம் இரண்டாவது புகைபோக்கி கட்டக் கூடாது என்று வாசலில் போய் உட்கார்ந்தார்கள். போலீஸ் தூக்கி வேனில் ஏற்றியபோது அவளையும் ஏற்றியது. வேனுக்குள் கண்டக்டர் பழக்க தோஷத்தில், “உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடமிருக்கு” என்றார். அன்றைக்குச் சிரித்ததுபோல அவள் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

குழுவில் அவள் வேலை, அட்டையில் எழுதுவதைச் சரிபார்ப்பது.

“ஆயிரக்கணக்கில் சாவுன்னு போடாதீங்கக்கா. நம்ம கையில இருக்கிற கணக்குக்கு நூத்துச் சொச்சம்தான் வருது.”

“நூத்துச் சொச்சம்னா எவன் திரும்பிப் பார்ப்பான் கணக்கம்மா?”

“பார்க்கிறவன் ஒருத்தனாவது எண்ணிப் பார்ப்பான்ல? அப்பக் குறைஞ்சா மொத்தமும் பொய்யின்னுடுவான்.”

“உங்களைக் கூட்டத்துல வெச்சுக்கிட்டு ஒரு கோஷம் போட முடியலை” என்று கடைக்காரம்மா பல்லால் நூலைக் கடித்துத் துப்புவார். ஆனால் மறு அட்டையில் நூத்துச் சொச்சம்தான் இருக்கும்.

இப்படி இரண்டு வாழ்க்கை, இரண்டு கதவு, ஒன்றுக்கொன்று வழியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தின் பெரிய டாக்டர் பந்தல் ஆய்வைக் கொண்டுவந்தபோதுதான் இரண்டும் ஒரே வாசலில் வந்து நின்றன.

ஆய்வு இதுதான். கட்டட வேலை நடக்கும் இடங்களைக் குலுக்கிப் போட்டு, பாதி இடத்தில் பந்தல், உப்புக் கலந்த தண்ணீர், நடுப்பகலில் ஓய்வு. மீதிப் பாதியில் வழக்கம்போல. இரண்டு பக்க ஆட்களின் இரத்தத்தையும் சோதித்து, வெயிலால் சிறுநீரகம் கெடுவதைப் பந்தல் தடுக்கிறதா என்று பார்ப்பது. பந்தல் எங்கே இருக்கிறது என்று ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். இரத்தம் என்ன சொல்கிறது என்பதுதான் மூடி வைத்த சங்கதி.

அவள் முதலிலேயே பெரிய டாக்டரிடம் போய் வெயில் குழுவைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

“உங்க கொள்கை உங்களோட இருக்கட்டும்மா. அறையில இருக்கிறது அறையோட இருக்கட்டும். ரெண்டையும் உங்களால பிரிச்சு வெச்சுக்க முடியுமா?” என்றார்.

“முடியும் சார்” என்றாள். முடியாவிட்டால் இரண்டில் ஒன்று போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு கோடை போயிற்று. திறந்து பார்க்கும் நாள் வந்தது.

கான்கிரீட் போட்டதும் தளம் நிற்கிறதே என்று அடியில் முட்டுக் கொடுத்த சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கிறவன் மேஸ்திரி இல்லை. நிற்பதுபோலத் தெரியும், உள்ளே இறுகியிருக்காது. இத்தனை நாள் என்று முதலிலேயே பேச்சு. அதுவரை பலகையில் கை வைக்கக் கூடாது. அவள் வேலையிலும் அப்படி முன்கூட்டியே போட்ட ஒரு கோடு உண்டு. வித்தியாசம் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் ஆய்வை அங்கேயே நிறுத்தி எல்லா இடத்துக்கும் பந்தல். தாண்டாவிட்டால் கடைசிவரை போக வேண்டியதுதான். இதை அண்ணனுக்குப் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பாதி சொல்லும்போதே பிடித்துக்கொண்டான்.

பந்தல் போட்ட இடங்களில் சிறுநீரகம் கெட்டவர்கள் மறுபக்கத்தைப் பார்க்கப் பாதிகூட இல்லை. ஆனால் கோட்டைத் தாண்ட ஒரு மயிரிழை பாக்கி. மூவர் குழு பார்த்தது, தொடருங்கள் என்றது, எழுந்து போயிற்று.

அவள் மட்டும் அந்த எண்ணோடு இருந்தாள். சந்தோஷம்தான். இத்தனை வருஷம் வெயிலில் உட்கார்ந்து கத்தியதற்கு முதல் தடவையாக ஒரு சாட்சி. அதை யாரிடமும் சொல்ல முடியாது. காலையில் அவள் போகும் பஸ், குலுக்கலில் பந்தல் விழாத ஒரு கட்டடத்துக்கு எதிரே நிற்கும். ஆட்கள் பெயிண்டு டப்பாவில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருப்பார்கள். யாருக்கு என்ன ஆகும் என்று பேர் சொல்லத் தெரியாது. எத்தனை பேருக்கு ஆகும் என்று தெரியும். பஸ்ஸில் இருக்கையை மாற்றி மறுபக்கம் உட்காரத் தொடங்கினாள்.

அடுத்த கோடைக்கு முன்னால் நகரசபை, கட்டட வேலைக்கு மதிய ஓய்வைக் கட்டாயமாக்கலாமா என்று கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. வெயில் குழு கேட்டுக் கேட்டுக் கிடைத்த கூட்டம். ஒரே நிபந்தனை. இந்தத் தடவை தள்ளுபடியானால் இந்தச் சபையின் காலம் முடியும்வரை மறுபடி கொண்டுவர முடியாது. தையல் கடையில் எல்லாரும் கூடினார்கள். கடைக்காரம்மா மெஷினில் ஒரு பாவாடைக்குக் கரை மடித்தபடியே யார் யார் பேசுவது என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் மூலையில் பட்டன் டப்பாவைப் பார்த்தபடி இருந்தாள். இந்தக் கோடையோடு ஆய்வு முடியும், அப்போது கையில் ஆதாரத்தோடு போனால் எவனும் மறுக்க முடியாது. இப்போது போனால் வெறுங்கை. இவ்வளவுதான் நினைத்தாள். நினைத்தது வாயில் வந்துவிட்டது.

“கூட்டத்தைக் கோடை முடிஞ்சு வெக்கச் சொல்லிக் கேட்டா என்னக்கா?”

மெஷின் நின்றது.

“என்னது?” என்றார் கண்டக்டர். “இந்தக் கூட்டத்துக்காக எத்தனை நாள் அவனுங்க வாசல்ல தேஞ்சோம். இப்பப் போய் நாமளே தள்ளிப் போடச் சொல்றதா?”

கடைக்காரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பாவாடைக் கரை மடித்தபடியே இருந்தது.

“உங்க பந்தல் ஆராய்ச்சியில நல்ல சேதி வருதுன்னுதானே தள்ளிப் போடச் சொல்றீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலைக்கா.”

“சொல்லலைதான்” என்றார் கடைக்காரம்மா. “கெட்ட சேதியா இருந்தா இன்னைக்கே போகச் சொல்லியிருப்பீங்க. ஒண்ணுமே தெரியலைன்னா சும்மா இருந்திருப்பீங்க. சரி, விடுங்க. டீ சொல்லட்டுமா?”

அவள் டீ வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள்.

கூட்டத்தன்று கடைக்காரம்மா மைக்கைப் பிடித்தார். “எம் புருஷன் எப்படி விழுந்தார்னு அப்ப யாருக்கும் தெரியலை. இப்பத் தெரியும். பந்தல் போட்ட எடத்துல ஆளுங்க தப்பிக்கிறாங்க. ஆராய்ச்சிக்கு உள்ள இருக்கிறவங்களுக்கே அது தெரியும்” என்றார். மறுநாள் செய்தித்தாளில் ஒரு பத்தி வந்தது. நகரசபை, ஆராய்ச்சியென்று நீங்களே சொல்கிறீர்கள், அது முடியட்டும் என்று மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த ஒரு பத்தி தன் வேலையைச் செய்துவிட்டது. பந்தல் இல்லாத இடங்களில் ஆட்கள், பந்தல் போட்டால்தான் வேலை என்று சட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அண்ணன் போன் செய்தான்.

“பாப்பா, ரோடு பூராவும் நீலத் தார்ப்பாய் தொங்குது. கடையில தார்ப்பாய் விலை ஏறிடுச்சு. உன் ஆளுங்க சொன்னது நெசமா? நானும் போடட்டுமா?”

அவள் பேசவில்லை.

“லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்.”

“சரி, புரிஞ்சுது.”

“என்னண்ணா புரிஞ்சுது? நான் வாயே தொறக்கலை.”

“நீ எப்பத் தொறந்தே? எனக்கு எவனும் சொல்ல வேண்டாம், நான் வெயில்லயே வெந்தவன். நாளைக்கே என் சைட்டு அத்தனைக்கும் பந்தல்” என்றான். போட்டான். ஊரிலேயே உயரமான பந்தல் அவனுடையதுதான்.

அவள் போனை வைத்தாள். ஊமையாக இருந்தாலும் ஆட்கள் படித்துவிடுகிறார்கள். பந்தல் இல்லாத பாதி என்று ஒன்று இனி இல்லை. எதோடு எதை ஒப்பிடுவது? ஒரு மயிரிழை பாக்கி இருந்த ஆய்வு அவள் வாயிலிருந்து விழுந்த ஒரு கேள்வியில் சரிந்துவிட்டது. அதே கேள்வியால் பெயிண்டு டப்பாக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று சொல்ல எந்தக் கணக்கும் அவளிடம் இல்லை.

மறுநாள் முன்பக்கப் படிக்கட்டில் ஏறிப் போனாள். பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு. கதவுக் கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் உறைத்தது. ‘என் பேச்சிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்று சொன்னால், வெளியே உலவுவது வதந்தி இல்லை, உண்மை என்று அவருக்கும் தெரிந்துபோகும். மன்னிப்புக் கேட்கப் போய் மிச்சத்தையும் போட்டு உடைப்பதாகிவிடும். தப்பை ஒப்புக்கொள்ளக்கூட அந்தக் கட்டடத்துக்குள் அவளுக்கு ஆள் கிடையாது.

கதவு உள்ளிருந்து திறந்தது.

“என்னம்மா இந்தப் பக்கம்? அதிசயமா இருக்கு.”

“லிஃப்ட் வேலை செய்யலை சார்.”

“நல்லாத்தானே ஓடுது. இப்பத்தான் வந்தேன்.”

“அப்ப சரியாயிடுச்சு போல சார்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மூவர் குழுவின் தலைவி ஓய்வு பெற்ற பேராசிரியை. அவரிடம் மட்டும்தான் பேச முடியும். போன் செய்தாள்.

“நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க” என்றார் அந்தம்மா.

“கூட்டத்தைக் கோடை முடிஞ்சு வெக்கச் சொல்லிக் கேட்டா என்னன்னு கேட்டேன் மேடம்.”

“அவ்வளவுதானா?”

“வேற யாராவது சொல்லியிருந்தா ஒண்ணுமில்லை மேடம். நான் சொன்னா அதுலயே முடிவு தெரிஞ்சுடும்.”

“விலகிடுங்க. காரணத்தை டாக்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. ஆய்வு முடியட்டும்” என்றார். அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். செய்தி வந்த நாளில் ஒரு கோடு போட்டு, அதற்கு முன்னால் வந்ததைத் தனியாகவும் பின்னால் வந்ததைத் தனியாகவும் எண்ணச் சொன்னாள். அந்தம்மா சரி என்றார்.

அறைச் சாவியை வாங்க வேறொரு நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். பெரிய டாக்டர் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினார்.

“பேப்பர்ல நாலு வரி வந்ததும் பயந்துட்டீங்களா? பாதியில கைவிடற ஆள்னு நான் உங்களை நினைக்கலை.”

தரையில் ஒரு டைல் மட்டும் நிறம் மாறி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள். அவர் போன பிறகும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளைப் பள்ளிப் பிள்ளைகள் மூக்குக் கண்ணாடியை எப்படித் தொலைக்கிறார்கள் என்ற ஆய்வில் போட்டார்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாத வேலை. ஆனால் பேசிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அவளைக் கண்டதும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். தையல் கடைக்கு மட்டும் போய் வந்தாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

“ஏன்க்கா மைக்ல அப்படிச் சொன்னீங்க? நான் பேசினதை வெச்சுத்தானே?”

“நீங்க பேசாததை வெச்சு. நானா ஊகிச்சேன். எம் புருஷன் விழுந்தப்ப ஒருத்தனும் ஊகிக்கக்கூட இல்லை கணக்கம்மா.”

அதற்கு மேல் அவளுக்குச் சண்டை போடத் தெரியவில்லை. புதுப் பேனருக்கு விளிம்பு தைக்கத் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வு முடிந்தது. மொத்தமாகப் பார்த்தால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. செய்தி வந்த நாளுக்கு முன்பு மட்டும் பார்த்தால் பந்தல் காப்பாற்றுகிறது. படித்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றும் வாதாடுகிறார்கள். தார்ப்பாய்கள் இறங்கவில்லை. ஒருமுறை நிழலில் உட்கார்ந்தவனை மறுபடி வெயிலில் ஏற்ற எந்தக் கான்ட்ராக்டராலும் முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆய்வு தேவையில்லை, தொழில் தெரிந்தால் போதும்.

எல்லாம் திறந்தபின் மூவர் குழுத் தலைவி பெரிய டாக்டரிடம் உள்ளதைச் சொன்னார். அவர் பின்பக்கப் படிக்கட்டில் இறங்கி அவளிடம் வந்தார்.

“அன்னைக்குக் கதவு வரைக்கும் வந்துட்டு, லிஃப்ட்னு என்னவோ சொன்னீங்களே” என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி பையில் வைத்தார். “மின்நிலையத்துச் சாம்பல் விழற பக்கம் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு. பாதி வீட்டுல காத்தை வடிகட்டற மெஷின் வெச்சுப் பார்க்கப் போறோம். மூடிய அறைக்கு நீங்க வரணும். தன் தப்பைத் தானே போய்ச் சொன்ன ஆளைத்தான் மூவர் குழுவுல கேட்கறாங்க. ஆனா இந்தத் தடவை அந்த வெயில் குழு வேண்டாம்மா. யோசிச்சுச் சொல்லுங்க.”

இரண்டாவது புகைபோக்கிக்காக வேனில் ஏறியவள் அவள். அந்தப் புகைபோக்கி இப்போது கட்டி முடித்துப் புகை விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கீழே இருக்கும் பிள்ளைகளின் மூச்சை எண்ண அவளைக் கூப்பிடுகிறார்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் தையல் கடைக்குப் போனாள். கண்டக்டர் வரவில்லை. கடைக்காரம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

“அப்ப இனிமே வர மாட்டீங்க.”

“முடிவு வர்ற வரைக்கும்.”

“அதுக்கு எத்தனை வருஷம்?”

“நாலு ஆகும். அஞ்சும் ஆகலாம்.”

“ரோட்ல பார்த்தா பேசலாமா?”

“பேசலாம்க்கா. வெயிலு, புகை, பவர் ஹவுஸு, இதைப் பத்தி மட்டும் வேண்டாம்.”

கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“அது இல்லாம நமக்குள்ள பேச வேற என்ன இருக்கு கணக்கம்மா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட அவள் கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்று தோன்றியது. இப்போது கேட்டால் நன்றாக இருக்காது என்றும் தோன்றியது. கடைக்காரம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, பையின் ஓரத்தை நேராக்கி, மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். அந்தச் சத்தத்தில், போய்ட்டு வரேன்க்கா என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.